கழுவிய குழலும் கசடு படிந்த குழலும்
துப்பாக்கி வரலாற்றில் ஒரு சிறு சிக்கலும் அதன் பெருவிளைவும்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் போர்க்களங்களையும் கோட்டை முற்றுகைகளையும் பற்றியே எழுதினர். அக்கருவியை நாள்தோறும் கையாண்ட வேட்டைக்காரனும் படைவீரனும் பொழுது சாய்ந்ததும் செய்துவந்த ஒரு வேலையைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. குழலைக் கழுவும் வேலைதான் அது. வெந்நீரும் கந்தைத் துணியும் எண்ணெயும் கொண்டு செய்யப்படும் இந்த எளிய பணிக்கு வரலாற்றில் என்ன இடம் இருக்க முடியும் என்று கேட்கத் தோன்றும். ஆயினும் ஒரு துப்பாக்கியின் உட்புறத்தில் படியும் கசடே குண்டின் அளவையும் சுடும் வேகத்தையும் ஐந்நூறு ஆண்டுக் காலம் தீர்மானித்து வந்தது. இறுதியில் அதே கசடுக்குக் கண்ட ஒரு தீர்வு நம் நாட்டின் வரலாற்றையே புரட்டிப்போட்ட நிகழ்வுகளுக்குத் திரியாக அமைந்தது. அந்த நெடுங்கதையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேட்டைக்காரனின் ஐயம்

குழலின் வாய்வழியே முதலில் மருந்தையும் பின்னர் குண்டையும் இட்டு, நீண்ட கோலால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியை நம் ஊர்களில் 'நாட்டுத் துப்பாக்கி' என்பர். இவ்வகைத் துப்பாக்கியுடன் காட்டுக்குள் செல்பவனுக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. முதற்குண்டு தவறினால் இரண்டாம் குண்டைக் கெட்டிப்பதற்குள் மான் மறைந்துவிடும்; புலியாக இருந்தால் பாய்ந்துவிடும். ஆகவே அந்த முதற்குண்டு எங்கே போய்த் தைக்கும் என்பதை அவன் உறுதியாக அறிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் ஓர் ஐயம் எழுகிறது. நன்கு கழுவித் துடைத்த குழலுடன் வேட்டைக்குச் செல்வதா? அல்லது புறப்படுமுன் ஒரு முறை சுட்டு, குழலில் சிறிது கசடு படிந்த நிலையில் செல்வதா? கழுவிய குழலில் எண்ணெய்ப் பிசுக்கு சிறிதேனும் எஞ்சியிருக்கும். அதன் மீது வழுக்கிச் செல்லும் முதற்குண்டு ஓரிடத்தில் தைக்கும். கசடு படிந்து குழல் சற்றுக் குறுகிய பின்னர்ச் செல்லும் குண்டுகள் வேறிடத்தில் தைக்கும். இலக்குப் பலகையில் சுட்டுப் பார்த்தவர் எவரும் இவ்வேறுபாட்டை அறிவர்.

கசடு படிந்த குழலை விரும்புவோர் அடுத்தடுத்த குண்டுகள் ஒரே இடத்தில் சென்று சேரும் என்பர். தூய குழலை விரும்புவோர் சொல்லும் காரணங்களும் வலுவானவையே. கசடு ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அடியில் இட்டுவைத்த மருந்தையும் நமுக்கச் செய்யும். குண்டு கசடில் சிக்கி மருந்தின் மீது சரியாக அமராமல் இடைவெளி விட்டு நின்றால், சுடும்போது குழல் புடைக்கும். சில வேளைகளில் வெடித்தும் விடும். கசடுக்குள் கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி அடுத்து இடும் மருந்தைப் பற்றவைத்துக் கெட்டிப்பவனின் கையைப் பறித்துவிடுவதும் உண்டு.

தூய குழலுக்கும் அதற்கேயுரிய இடர் உண்டு. எண்ணெய் அடிப்பகுதியில் தேங்கியிருந்தால் மருந்து நனைந்து, விசையை இழுத்தும் வெடிக்காமற் போகும். எனவேதான் அனுபவமுள்ள வேட்டைக்காரர் மருந்திடுமுன் வெறும் கேப்பை மட்டும் ஒன்றிரண்டு முறை வெடித்து, தீப்புகும் துளையில் உள்ள எண்ணெயை எரித்து அகற்றுவர். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியாயின் சிறு ஊசியால் அத்துளையைக் குத்தித் தூர் எடுப்பர்.

கசடு எங்கிருந்து வருகிறது?

வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையே கருமருந்து. பிரித்தானியர் கையாண்ட கலவையில் நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இது எரியும்போது முழுவதும் வாயுவாக மாறுவதில்லை. ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபெல் ஆகிய இரு பிரித்தானிய அறிஞர்கள் 1875இல் வெளியிட்ட ஆய்வின்படி, எரிந்த மருந்தின் எடையில் ஏறத்தாழ 43 விழுக்காடே வாயுவாகிறது. எஞ்சிய 57 விழுக்காடும் திடப்பொருளே. அதில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறுகிறது. மற்றொரு பகுதி குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது.

கருமையாகத் தோன்றினும் இக்கசடு வெறும் கரி அன்று. பொட்டாசியத்தின் கார்பனேட், சல்பேட், சல்பைடு ஆகிய உப்புகளே இதில் மிகுதி. இவை எண்ணெயில் கரையா. நீரில் எளிதில் கரையும். அதனால்தான் இத்துப்பாக்கிகளைக் கழுவ வெந்நீரே சிறந்ததாயிற்று. கழுவும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் கந்தகத்தின் அடையாளம். வறண்ட வெயிலில் இக்கசடு ஓடுபோல் இறுகிவிடும். ஈரக்காற்றில் குழைந்து சேறாகும். பொட்டாசியம் கார்பனேட் காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் தன்மையது. ஆகவே கடலோரங்களிலும் மழைக்காடுகளிலும் கழுவாமல் விட்ட குழல் ஓரிரவிலேயே துருவேறத் தொடங்கிவிடும்.

வெடியுப்பைத் தூய்மையாக்கிய கலை

குழலின் தூய்மை மருந்தின் தூய்மையிலிருந்தே தொடங்குகிறது. கருமருந்தின் தாயகம் சீனம். 1044இல் தொகுக்கப்பட்ட சீனப் படைநூலிலேயே அதன் செய்முறைகள் காணப்படுகின்றன. அங்கிருந்து இந்த அறிவு இஸ்லாமிய உலகை வந்தடைந்தது. 1248இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் வெடியுப்புக்குரிய பெயர்களுள் 'சீனப் பனி' என்பதையும் குறிப்பிட்டுள்ளார்.

நிலத்திலிருந்து எடுக்கும் வெடியுப்பில் சுண்ணச் சத்தும் மக்னீசியச் சத்தும் கலந்திருக்கும். இவை ஈரத்தை ஈர்ப்பவை. இவ்வாறான உப்பில் செய்த மருந்து விரைவில் நமுத்துப்போகும், மந்தமாக எரியும், மந்தமாக எரியும் மருந்து மிகுதியான கசடையே விட்டுச்செல்லும். இந்தக் குறைக்கு மாற்று கண்டவர்களுள் ஷாம் நாட்டைச் சேர்ந்த நஜ்முத்தீன் ஹஸன் அர்-ரம்மாஹ் முதன்மையானவர். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்த இவர், குதிரையேற்றக் கலையையும் போர்க்கருவிகளையும் பற்றி எழுதிய நூலில் வெடியுப்பைத் தூய்மையாக்கும் முறையை விளக்கமாகத் தந்துள்ளார். வெடியுப்பை நீரில் காய்ச்சி, அதில் மரச்சாம்பலைச் சேர்த்து, கலப்பு உப்புகளை அடியில் படியச் செய்து, தெளிந்த நீரை இறுத்து மீண்டும் படிகமாக்குவதே அம்முறை. மரச்சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் பிரித்தெடுத்துவிடுகிறது என்று இன்றைய வேதியியல் இதனை விளக்கும். இதன் சிறப்பை உலகறியச் செய்தவர் அறிவியல் வரலாற்றறிஞர் அஹ்மத் யூசுஃப் அல்-ஹஸன் ஆவார்.

மருந்தைத் தூய்மைப்படுத்த உதவிய அதே பொருளே, மருந்து எரிந்த பின் குழலில் கசடாகத் தங்கி இரும்பை அரிக்கிறது. இது இவ்வரலாற்றில் நாம் காணும் முதல் வியப்பு.

அக்பரின் சக்கரம்

முகலாயர் அவையில் துப்பாக்கி அரசரின் தனி ஆர்வத்துக்குரிய கருவியாக விளங்கியது. அபுல் ஃபஸ்ல் எழுதிய ஆயினே அக்பரி இதற்கெனத் தனித்தனிப் பகுதிகளையே ஒதுக்கியுள்ளது. பேரரசர் அக்பரின் சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பல்லாயிரம் துப்பாக்கிகளிலிருந்து 105 துப்பாக்கிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 12 துப்பாக்கிகள் பன்னிரு மாதங்களுக்கு உரியவை. ஒரு மாதம் பயன்பட்ட துப்பாக்கி பதினோரு மாதம் கழித்தே மீண்டும் முறைக்கு வரும். வாரங்களுக்கும் நாட்களுக்கும் வேறு துப்பாக்கிகள் இருந்தன. இவ்வளவு விரிவான சுழற்சி முறையில் ஒவ்வொரு குழலுக்கும் ஓய்வும் பராமரிப்பும் கிடைத்திருக்கும் என்று கொள்ளலாம்.

இவற்றுள் தலையாயது 'சங்ராம்' என்னும் பெயருடையது. 1568இல் சித்தோர் முற்றுகையின்போது கோட்டைத் தலைவர் ஜெய்மலை அக்பர் சுட்டு வீழ்த்தியது இத்துப்பாக்கியால்தான். இதே துப்பாக்கியால் அக்பர் வேட்டையாடிய விலங்குகளின் எண்ணிக்கையும் ஏட்டில் பதியப்பட்டிருந்தது. அபுல் ஃபஸ்ல் தரும் கணக்கு 1,019.

நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி இனி வருகிறது. பதினாறு துப்பாக்கிக் குழல்களை ஒரே வேளையில் மிக விரைவாகத் தூய்மை செய்யும் சக்கரம் ஒன்றைப் பேரரசர் கண்டுபிடித்தார் என்றும், அச்சக்கரத்தை ஒரு மாடு சுழற்றியது என்றும் அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். இதன் உண்மையான படைப்பாளி அக்பரின் அவையில் இருந்த பேரறிஞர் ஃபத்ஹுல்லாஹ் ஷீராஸியே என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சுட்ட துப்பாக்கியின் கசடை நீக்கவே இச்சக்கரம் பயன்பட்டதா, அல்லது புதிதாகச் செய்த குழலின் உட்புறத்தை வழவழப்பாக்கவும் பயன்பட்டதா என்பதிலும் இருவேறு கருத்துகள் உண்டு. எவ்வாறாயினும் பயன் ஒன்றே. உட்புறம் வழவழப்பாக உள்ள குழலில் கசடு குறைவாகவே பற்றும். பற்றியதும் எளிதில் நீங்கும். செக்கும் கவலையும் இழுத்த மாட்டைத் துப்பாக்கிக் கூடத்திலும் பூட்டிய அந்த எண்ணம், குழலின் தூய்மையை ஒரு பேரரசு எவ்வளவு பெரிய பொருட்டாகக் கருதியது என்பதைக் காட்டுகிறது.

சுரிகுழலும் கொழுப்புத் துணியும்

மேலே சொன்ன துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை உட்புறம் வழவழப்பானவை. குழலின் உட்சுவரில் திருகுபோல் வரிப்பள்ளங்களை வெட்டி, குண்டைச் சுழலச் செய்யும் துப்பாக்கியே 'ரைபிள்' எனப்படும் சுரிகுழல் துப்பாக்கி. இது 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்திய ஐரோப்பாவில் தோன்றியது. சுழலும் குண்டு நேரிய வழியில் நெடுந்தொலைவு செல்லும். தொடக்கத்தில் நேர்க்கோடாக வெட்டப்பட்ட பள்ளங்கள் கசடு தங்குவதற்காகவே வெட்டப்பட்டன என்றும், பின்னரே அவற்றைத் திருகாக வெட்டும் பழக்கம் வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு.

சுரிகுழலின் நன்மையே அதன் இடராகவும் அமைந்தது. குண்டு பள்ளங்களைப் பற்றிச் சுழல வேண்டுமாயின் அது குழலோடு இறுகப் பொருந்த வேண்டும். இறுகப் பொருந்தும் குண்டைக் கசடு படிந்த குழலுக்குள் வாய்வழியே எவ்வாறு இறக்குவது?

படைகள் இக்கேள்வியை நெடுங்காலம் தட்டிக்கழித்தன. 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியப் படைவீரனின் துப்பாக்கி வழவழப்பான குழலுடையது. அதன் உள்விட்டம் 0.75 அங்குலம். அதில் இட்ட குண்டின் விட்டமோ ஏறத்தாழ 0.69 அங்குலம். இடைவெளியை வேண்டுமென்றே விட்டனர். எத்தனை முறை சுட்டுக் கசடு படிந்தாலும் குண்டு தடையின்றி உள்ளே விழ வேண்டும் என்பதே நோக்கம். நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். ஆனால் நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் தனி மனிதனைக் குறிதவறாமல் சுடுவது அரிது.

வேட்டைக்காரர் இந்தப் பேரத்துக்கு உடன்படவில்லை. ஜெர்மானிய வேடரும் வட அமெரிக்கக் குடியேறிகளும் கொழுப்பில் தோய்த்த சிறு துணியிலோ மெல்லிய தோலிலோ குண்டைச் சுற்றிக் குழலுக்குள் அழுத்தினர். குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. துணி இடைவெளியை நிரப்பிப் பள்ளங்களைப் பற்றியது. உள்ளே இறங்கும்போதே முந்தைய கசடைத் துடைத்துக்கொண்டு சென்றது. கொழுப்பு எஞ்சிய கசடு இறுகாமல் குழைவாக வைத்தது. கழுவிய குழலுக்கும் கசடு படிந்த குழலுக்கும் இடையே வேடர் கண்ட நடுவழி இது. ஒவ்வொரு குண்டும் தன் வழியைத் தானே தூய்மை செய்துகொள்கிறது.

ஆனால் இதற்குக் காலம் பிடித்தது. 1800இல் பிரித்தானியப் படையில் சேர்க்கப்பட்ட பேக்கர் ரைபிளுக்குத் தொடக்கத்தில் சிறு மரச்சுத்தியும் வழங்கப்பட்டது என்பதிலிருந்தே குண்டிறக்குவதன் கடினத்தை உணரலாம். 1837இல் வந்த பிரன்சுவிக் ரைபிளில் இரண்டே பள்ளங்கள். குண்டைச் சுற்றி ஒரு பட்டை. அப்பட்டை பள்ளங்களில் பொருந்த வேண்டும். சில குண்டுகள் சுட்டுக் கசடு படிந்ததும் அடுத்த குண்டை இறக்குவது பெருந்தொல்லையாயிற்று.

இதே வகைத் துப்பாக்கிகள் இலங்கைக் காடுகளிலும் ஒலித்தன. 1840களின் இறுதியிலிருந்து 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் யானை வேட்டைக்குக் கொண்டுவந்த பெருந்துப்பாக்கி இரு பள்ளமுடையது. 21 இராத்தல் எடையுள்ளது. அதற்கு 16 டிராம், அதாவது ஏறத்தாழ 28 கிராம் மருந்தை ஒரு முறைக்கு இட்டதாக அவரே தம் வேட்டை நூலில் எழுதியுள்ளார். இவ்வளவு மருந்து விட்டுச்செல்லும் கசடு எத்துணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யானைக்கு முன் நின்று குழலைத் துடைத்துக்கொண்டிருக்க எவராலும் இயலாது. ஆகவே அக்கால வேட்டைக்காரர் ஒரு துப்பாக்கியை மட்டும் நம்பிச் செல்லாமல், முன்பே கெட்டித்த பல துப்பாக்கிகளைத் துணையாட்கள் தாங்கிவரச் செய்தனர். வசதியுள்ளவன் கசடுச் சிக்கலைப் பணத்தால் தீர்த்துக்கொண்டான். படைவீரனுக்கோ ஒரு துப்பாக்கிதான்.

அல்ஜீரியாவிலிருந்து என்ஃபீல்டு வரை

கசடு படிந்த குழலுக்குள் எளிதில் விழ வேண்டும். ஆனால் வெளியேறும்போது பள்ளங்களை இறுகப் பற்ற வேண்டும். இவ்விரண்டும் ஒரு குண்டில் எவ்வாறு அமையும்? இக்கேள்விக்கான விடையைத் தேடத் தூண்டிய களங்களுள் ஒன்று அல்ஜீரியா. 1830இல் அந்நாட்டில் புகுந்த பிரெஞ்சுப் படை, அமீர் அப்துல் காதிரின் வீரர்களை எதிர்கொண்டது. அவ்வீரர்களின் நீண்ட குழல் துப்பாக்கிகள் பிரெஞ்சுத் துப்பாக்கிகளைவிடத் தொலைவில் உள்ள இலக்கை எட்டின. 1839 முதல் 1842 வரை நடந்த ஆப்கானியப் போரில் 'ஜஸாயில்' துப்பாக்கிகளிடம் ஆங்கிலேயர் கற்ற பாடமும் இத்தகையதே.

பிரெஞ்சு அதிகாரி டெல்வீன் 1826இலேயே ஒரு வழி கண்டிருந்தார். குழலின் அடியில் சற்றுக் குறுகிய மருந்தறை. அதன் விளிம்பில் அமரும் குண்டைக் கோலால் ஓங்கி இடித்தால் அது நசுங்கி விரிந்து பள்ளங்களைப் பற்றும். தூவனன் என்பவர் அடியில் ஓர் இரும்புத் தண்டை நட்டு, அதன் மீது குண்டை இடித்து விரியச் செய்தார். ஆனால் தண்டைச் சுற்றிப் படிந்த கசடைத் துடைத்தெடுப்பது பெரும்பாடாயிற்று. கசடைக் கடக்கச் செய்த ஏற்பாடே கசடுக்குப் புதிய புகலிடமாகிவிட்டது.

இதற்கிடையே ஜான் நார்ட்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1823இல் அடிப்பகுதி குழிந்த கூம்புக் குண்டு ஒன்றை வடிவமைத்தார். தென்னிந்தியாவில் பணியாற்றியபோது இவ்வூரார் ஊதுகுழலில் பயன்படுத்திய அம்பைக் கண்டு இந்த எண்ணம் பெற்றார் என்று கூறப்படுகிறது. அவ்வம்பின் அடியில் இருந்த மென்மையான தண்டுச் சோறு, ஊதும்போது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டதாம்.

1849இல் ஆப்பிரிக்கப் போர்களில் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி குளோத் மினியே இத்தேடலை முடித்துவைத்தார். நீள்வடிவக் குண்டு, அடியில் குழிவு, குழல் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. அது கசடைத் தாண்டி எளிதில் உள்ளே விழுந்தது. மருந்து வெடித்ததும் வாயுவின் அழுத்தத்தால் அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைக் கவ்வியது. சாதாரணப் படைவீரனும் இனி வேடனைப்போல் குறிபார்த்துச் சுடலாம். அதுவும் விரைவாகச் சுடலாம்.

இக்கொள்கையில் பிரித்தானியர் உருவாக்கியதே 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிள். குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இடைவெளி ஒன்பது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்கு நிகரானதன்று. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. அதாவது கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. குண்டைச் சுற்றிய தாளும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். இத்துணைச் சிறிய இடைவெளியில் கசடு இறுகாமல் குழைவாக இருக்க வேண்டுமாயின் ஒரு மசகுப்பொருள் இன்றியமையாதது. வேடர் துணியில் தடவிய கொழுப்பு இப்போது தோட்டாவின் தாளில் தடவப்பட்டது. வீரன் தோட்டாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிரித்து, மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்புத் தடவிய மறுமுனையைக் குண்டோடு உள்ளே செலுத்திக் கெட்டிக்க வேண்டும் என்பது பயிற்சி விதி.

1857

1853இலேயே கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. இந்நாட்டு வெப்பத்தில் அக்கொழுப்பு எவ்வாறு தாக்குப்பிடிக்கும் என்று அறிவதே சோதனையின் நோக்கம். வங்கப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர் அவ்வாண்டு டிசம்பரில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். சமய உணர்வைப் புண்படுத்தாத பொருளே இது என்று உறுதி செய்யாதவரையில் இத்தோட்டாக்களைச் சிப்பாய்களுக்கு வழங்கக் கூடாது என்பது அவர் கருத்து. அவ்வெச்சரிக்கை கோப்புகளுக்குள் அடங்கிப்போயிற்று. கொழுப்புக்கு வெயில் என்ன செய்யும் என்று ஆராய்ந்த ஆட்சி, அதைக் கடிக்கும் மனிதனுக்குக் கொழுப்பு என்ன செய்யும் என்று ஆராயவில்லை.

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கிறது என்ற செய்தி சிப்பாய்களிடையே பரவியது. முன்னது இந்துவுக்குத் தகாதது. பின்னது முஸ்லிமுக்கு ஹராம். ஐயம் ஆதாரமற்றது என்று அதிகாரிகளால் உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. கொழுப்பு எவ்விலங்கினுடையது என்பதில் தனிக் கவனம் செலுத்தப்படவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அம்மாத இறுதியிலேயே, சிப்பாய்கள் தாம் விரும்பும் மசகுப்பொருளைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று ஆணை பிறந்தது. பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி விதியும் மாற்றப்பட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது. கொழுப்பைப் பற்றிய ஐயம் தாளின் பளபளப்பைப் பற்றிய ஐயமாக வளர்ந்தது.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் குதிரைப்படையைச் சேர்ந்த 90 வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்கு நீட்டப்பட்டவை புதிய என்ஃபீல்டு தோட்டாக்கள் அல்ல. அவர்கள் நெடுநாள் பயன்படுத்திவந்த பழைய வகையே. நம்பிக்கை போனபின் பொருளின் தன்மை பொருட்டாகவில்லை. மே 9 அன்று அவ்வீரர்கள் அணிவகுப்பின் முன் விலங்கிடப்பட்டனர். பெரும்பாலோருக்குப் பத்தாண்டுக் கடுந்தண்டனை. மறுநாள் மாலை மீரட் எழுந்தது. அது ஹிஜ்ரி 1273ஆம் ஆண்டின் ரமளான் மாதம்.

1857இன் எழுச்சிக்குத் தோட்டா மட்டுமே காரணம் என்று சொல்வது வரலாற்றைக் குறுக்குவதாகும். 1856இல் அவத் அரசு பறிக்கப்பட்டதும், நிலவுடைமையில் நேர்ந்த குலைவும், கடல்கடந்த பணியைக் கட்டாயமாக்கிய படைச்சட்டமும் நெடுநாள் கனன்ற காரணங்கள். தோட்டா அவற்றை ஒரே அடையாளத்தில் திரட்டித் தந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டையில் இதே பாடம் எழுதப்பட்டிருந்தது. அங்கே சிக்கல் எழுந்தது தோற்குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையாலும், தாடியையும் சமயக்குறிகளையும் தடுத்த விதிகளாலும். பாடம் படிக்கப்படவில்லை.

இதில் இன்னொரு முரணும் உண்டு. இவ்வளவுக்கும் காரணமான அந்தக் கொழுப்பு தன் வேலையையே சரியாகச் செய்யவில்லை. இந்திய வெயிலில் அது உருகித் தாளுக்குள் ஊறிப்போனது. குழலில் கசடு இறுகியது. பிரித்தானிய வீரர்களே குண்டை இறக்க முடியாமல் தடுமாறினர். எனவே பின்னர்க் குண்டின் விட்டத்தை 0.55 அங்குலமாகக் குறைத்தனர். கொழுப்பைக் குறைத்துத் தேன்மெழுகின் பங்கைக் கூட்டினர். இந்தியச் சிப்பாயின் மனம் எந்தப் பொருளை ஏற்றிருக்குமோ, அப்பொருளையே இந்திய வெயிலும் வேண்டியது. தொடக்கத்திலேயே மெழுகைத் தேர்ந்திருந்தால் துப்பாக்கியும் நன்கு இயங்கியிருக்கும். சிப்பாயின் நெஞ்சும் புண்பட்டிராது. எழுச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், இந்தியச் சிப்பாய்களுக்கெனச் சுரிப்பள்ளங்கள் அற்ற வழவழப்பான குழலுடைய துப்பாக்கிகள் செய்து வழங்கப்பட்டன. கசடையும் கடந்து குறிதவறாமல் சுடும் ஆற்றல் ஆள்வோரிடமே இருக்கட்டும் என்பது அதன் பொருள்.

முடிவாக

1866இல் என்ஃபீல்டு ரைபிளின் அடிப்பகுதியைத் திறந்து தோட்டாவை இடும் முறை வந்தது. வாய்வழியே குண்டிறக்கும் தேவை படைகளில் மறைந்தது. 1880களில் பிரான்சில் புகையற்ற மருந்து தோன்றியதும் கசடின் ஆட்சியே முடிவுக்கு வந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டையும் முடிந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மட்டும் வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கென்று தனி வேட்டைப் பருவம் இன்றும் உண்டு. தூய குழலா, கசடு படிந்த குழலா என்ற பழைய விவாதமும் அங்கே இன்னும் ஓயவில்லை.

அவ்விவாதத்தில் அனுபவசாலிகள் வந்தடையும் முடிவு எளியது. எந்த நிலையில் குறிபார்த்துப் பழகினாயோ அந்த நிலையிலேயே குழலை வேட்டைக்குக் கொண்டுசெல். தூய குழலில் பழகியவன் தூய குழலோடு செல்லட்டும். கசடு படிந்த குழலில் பழகியவன் ஒரு முறை சுட்டபின் செல்லட்டும். எவ்வாறு சென்றாலும் அன்று மாலையே வெந்நீரால் கழுவிவிட வேண்டும். தன் கையில் இருப்பது எந்நிலையில் உள்ளது என்பதை அறிந்திருப்பதே முதன்மையானது.

இந்த அறிவு வேட்டைக்காரனுக்கு இருந்தது. மாட்டைப் பூட்டிக் குழலைத் துலக்கிய முகலாயக் கைவினைஞனுக்கும், சாம்பலைக் கொண்டு உப்பைத் தெளிவித்த அர்-ரம்மாஹ்வுக்கும் இருந்தது. குழலின் உட்புறத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்வரை அளந்தறிந்த ஓர் ஆட்சி, அக்குழலைத் தோளில் சுமந்தவனின் உள்ளத்தை அளக்க மறந்தது. இரும்பில் படிந்த கசடு வெந்நீருக்கு நீங்கியது. உள்ளத்தில் படிந்ததை நீக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.